ஒரே மவுத் ஆர்கன் எல்லாப் பாடலுக்கும் போதுமா?

மவுத் ஆர்கன் கற்க விழையும் எவருக்கும் முதல் நாளிலேயே ஓர் அறிவுரை கிடைத்துவிடுகிறது: “‘சி’ சுருதியில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாப் பாடலையும் அதிலேயே வாசித்துவிடலாம்.” கடைக்காரர் சொல்கிறார், காணொளியில் பாடம் எடுப்பவர் சொல்கிறார், நான்கு பாடல் வாசிக்கத் தெரிந்த நண்பரும் அதையே சொல்கிறார். கூடவே எண்கள் நிரம்பிய தாள் ஒன்றும் வந்து சேர்கிறது. நான்காம் துளையில் ஊதுக, ஐந்தாம் துளையில் உறிஞ்சுக என்று அது கட்டளையிடும். இவ்வறிவுரையில் பாதி உண்மை. அந்தப் பாதியை ஏற்று, மறுபாதியை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஏற்க வேண்டியதை ஏற்றுவிடுவோம். ஒருவர் தனியே அமர்ந்து, துணைக்கு எந்த இசையும் இன்றித் தமக்குத் தாமே வாசித்துக்கொள்கிறார் என்றால், அவருக்கு ‘சி’ போதும். பாடலின் மெட்டு, சுரங்களுக்கிடையே உள்ள தொலைவுகளில்தான் இருக்கிறது. எந்தச் சுருதியில் தொடங்கினாலும் தொலைவுகள் மாறாதிருந்தால் மெட்டும் மாறாது. மூலப் பாடகர் ஐந்து கட்டையில் பாடியதை நாம் ஒரு கட்டையில் வாசித்தால் யாருக்கும் குறையில்லை.

சிக்கல் தொடங்குவது, மூலப் பாடலை ஒலிக்கவிட்டு அதனுடன் சேர்ந்து வாசிக்க முற்படும்போதும், பாடுகிற ஒருவருக்கோ கிதார் வாசிக்கும் ஒருவருக்கோ துணைபோக முற்படும்போதும்தான். எண்தாளைப் பார்த்துப் பழுதறப் பயின்றவர் பாடலை ஓடவிட்டு வாயில் கருவியை வைக்கிறார். இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மீண்டும் முயல்கிறார், மீண்டும் மோதுகின்றன. சில வாரங்களில் “எனக்கு இசைஞானம் இல்லை” என்ற தீர்ப்பைத் தமக்குத் தாமே எழுதிக்கொள்கிறார். கருவி மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது.

நமது சினம் இந்த இடத்தில்தான். அந்த மோதலைக் கேட்டறிந்தது எது? அவருடைய செவிதானே! இசைஞானம் அற்றவருக்கு அந்த உறுத்தல் தோன்றியே இராது. சரியாகக் கேட்ட செவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, தவறான கருவியைக் கையில் கொடுத்த அறிவுரை மட்டும் தப்பித்துக்கொள்கிறது. வாசிப்பவர் பிழை செய்யவில்லை. பாடலின் சுருதிக்கு அந்தக் கருவி பொருந்தவில்லை என்பதே செய்தி. இதை முதல் நாளே அவரிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

சொல்லாததற்குக் காரணம், இக்கருவியைச் சின்ன ஆர்மோனியம் என்று எண்ணிக்கொள்வதுதான். ஆர்மோனியத்தில் ஒரு தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகளும் வரிசையாக உண்டு. வாசிப்பவர் எந்தக் கட்டையையும் சட்ஜமாக வைத்துக்கொள்ளலாம். பத்துத் துளை மவுத் ஆர்கன் அப்படிப்பட்டதன்று. செர்மனியின் டிரோசிங்கன் ஊரில் மத்தியாசு ஓனர் 1857-இல் தொழில் தொடங்கினார். அவரது நிறுவனம் 1896-இல் வெளியிட்ட ‘மரீன் பேண்ட்’ முதல் இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பத்துத் துளைக் கருவிகள் வரை ஒரே அமைப்புத்தான். துளைக்கு இரண்டாக இருபது ரீடுகள். ஊதினால் ஒரு சுரம், உறிஞ்சினால் இன்னொரு சுரம். ‘சி’ கருவியில் எத்துளையில் ஊதினாலும் ச, க, ப என்ற மூன்றே சுரங்கள் திரும்பத் திரும்ப வரும். எஞ்சிய ரி, ம, த, நி உறிஞ்சலில் கிடைக்கும். அதாவது சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள், அவ்வளவே. அந்த ஏழும் எல்லாத் தாயியிலும் முழுமையாக இல்லை. கீழ்த் தாயியில் மத்திமமும் தைவதமும் இல்லை. மேல் தாயியில் நிஷாதம் இல்லை. முழு வரிசை நான்காம் துளையிலிருந்து ஏழாம் துளை வரைதான். ஆகவே, இக்கருவியில் சுருதியைத் தேர்வது வாசிக்கும்போது நிகழ்வதன்று. கருவியைக் கையில் எடுக்கும் முன்பே நிகழ்ந்துவிட வேண்டியது.

இனி, சற்று விவரமறிந்தவர்கள் சொல்லும் இரண்டாம் அறிவுரைக்கு வருவோம். “பாடல் எந்தச் சுருதியோ அந்தச் சுருதிக் கருவியை எடுங்கள்” என்பது அது. முதலாவதைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. எனினும் இதையும் நாம் மறுக்கிறோம். காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

நம் கச்சேரி வழக்கில் கட்டைக் கணக்கு அனைவரும் அறிந்ததே. ஒரு கட்டை ‘சி’, இரண்டு ‘டி’, மூன்று ‘இ’, நான்கு ‘எஃப்’, ஐந்து ‘ஜி’, ஆறு ‘ஏ’, ஏழு ‘பி’. இடையே உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நான்கரை, ஐந்தரை, ஆறரை. இப்போது ஐந்து கட்டையில் ஆறு பாடல்கள் இருப்பதாகக் கொள்வோம். ஆறுக்கும் சட்ஜம் ஒன்றே. ஆனால் சுரங்கள் வேறு.

முதற்பாடல் சங்கராபரணச் சுரங்களில் அமைந்தது என்றால் ஐந்து கட்டைக் கருவி, அதாவது ‘ஜி’, பொருந்தும். அரிகாம்போதிச் சுரங்கள் என்றால் ‘ஜி’ பயன்படாது, கைசிகி நிஷாதம் அதில் இல்லை. ஒரு கட்டைக் கருவியான ‘சி’ வேண்டும். கரகரப்பிரியா என்றால் நான்கு கட்டை, ‘எஃப்’. நடபைரவி என்றால் ஆறரைக் கட்டை. தோடி என்றால் இரண்டரைக் கட்டை. கல்யாணி என்றால் இரண்டு கட்டை, ‘டி’. பாடலின் சுருதி ஒன்றாகவே இருக்க, கருவிகள் ஆறு! “பாடலின் சுருதியே கருவியின் சுருதி” என்னும் விதி இந்த ஆறில் ஒன்றுக்கு மட்டுமே பொருந்துகிறது. (இங்கு நாம் பேசுவது சுரக்கூட்டத்தை மட்டுமே. தோடியின் கமகங்களை இக்கருவியில் கொண்டுவந்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை.)

இது புதிரும் அன்று, மேலைநாட்டு மந்திரமும் அன்று. ஒரே ஏழு சுரங்களில் எதைச் சட்ஜமாகக் கொள்கிறோமோ அதற்கேற்பப் பண் மாறும் என்பதைக் கருநாடக இசை கிரகபேதம் என்கிறது. நம் முன்னோர் யாழின் நரம்புகளில் குரலை மாற்றி மாற்றி வைத்து ஏழு பாலைகளைப் பிறப்பித்ததும் இவ்வழியே. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் பயின்றோர்க்கு இது புதிதன்று. செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்பது இசைத்தமிழ் ஆய்வாளர் பலரும் கொள்ளும் முடிபு. அதை ஏற்றால் உழை குரலாகப் பிறக்கும் அரும்பாலை சங்கராபரணமாகவும், இளி குரலாகப் பிறக்கும் கோடிப்பாலை கரகரப்பிரியாவாகவும் அமையும். ஒரு ‘சி’ கருவியின் இரண்டாம் துளையை உறிஞ்சினால் வருவது ‘ஜி’. அதைக் குரலாக வைத்து மேலேறிப் பாருங்கள், வருவது செம்பாலை. நான்காம் துளையை உறிஞ்சி அங்கிருந்து ஏறினால் கோடிப்பாலை. இவ்வளவு தெளிவான சிந்தனை மரபை வைத்துக்கொண்டு, எண்தாளை நம்பி நிற்கிறோமே என்பதுதான் நம் ஆற்றாமை.

இதே உண்மையை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் ஏட்டுக் கல்வியின் துணையின்றிச் செவியாலும் மூச்சாலும் கண்டடைந்தனர். புளூஸ் இசையில் பாடலின் சுருதியை விட்டு, அதற்கு ஐந்து அரைச்சுரம் மேலே உள்ள கருவியை எடுப்பதே பெருவழக்கு. லிட்டில் வால்ட்டர் 1952-இல் பதிவு செய்த ‘ஜூக்’ மூன்று கட்டையில், அதாவது ‘இ’ சுருதியில் அமைந்தது. அவர் வாசித்தது ‘ஏ’ கருவி. ஏன் இந்தச் சுற்றுவழி? அந்த நிலையில் பாடலின் ஆதாரச் சுரம் உறிஞ்சலில் விழுகிறது. முதல் நான்கு துளைகளைச் சேர்த்து உறிஞ்சினால் ஆதாரக் கூட்டொலி முழுமையாகக் கிடைக்கிறது. இவ்விடத்து உறிஞ்சு ரீடுகளைத் தொண்டையாலும் நாவாலும் தாழ்த்தி வளைக்க முடியும். மூன்றாம் துளையின் காந்தாரத்தை அரைச்சுரம் வளைத்தால் புளூஸ் இசையின் உயிரான தாழ்ந்த காந்தாரம் வந்துவிடுகிறது. ஆக, கருவியைத் தேர்வது சுரக்கணக்கு மட்டுமன்று. எந்தச் சுரம் எந்த மூச்சில் விழவேண்டும் என்ற தேர்வும் அதற்குள் அடங்கியிருக்கிறது. “பாடலின் சுருதியே கருவியின் சுருதி” என்று நம்பி ‘இ’ கருவியை எடுப்பவர் ஆண்டுக்கணக்கில் முயன்றாலும் அந்த ஒலி அவருக்குக் கிட்டாது.

மூன்றாவதாக ஒரு குறுக்குவழி உலவுகிறது: “பாடலின் முதல் கூட்டொலி எதுவோ அதுவே சுருதி.” இதுவும் நம்பத்தக்கதன்று. நீல் யங்கின் ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ 1972-இல் வெளியாகி உலகமெங்கும் கேட்கப்பட்ட பாடல். கிதார் தொடங்குவது ‘இ மைனர்’ கூட்டொலியில். அதை நம்பி ‘இ’ கருவியை எடுத்தால் முதல் மூச்சிலேயே மோதும். யங் வாசித்தது ‘ஜி’ கருவி. ‘இ மைனரும்’ ‘ஜி மேஜரும்’ ஒரே ஏழு சுரங்களைப் பகிர்ந்துகொள்பவை. பாடல் தொடங்குமிடம் வாசல் மட்டுமே. ‘ஜி’யைக் காண, பாடல் சென்றடையும் இடம்வரை கேட்டாக வேண்டும்.

கைப்பேசிச் செயலி சொல்லிவிடுமே என்பார் உளர். செயலி ஒரு பாடலில் புழங்கும் சுரங்களைப் பெரும்பாலும் சரியாகவே தொகுத்துவிடும். அவற்றுள் எது வீடு என்பதில்தான் அது இடறும். ஒரே சுரக்கூட்டத்தைப் பகிரும் மேஜரையும் மைனரையும் மாற்றிச் சொல்வது அதற்கு வழக்கம். அதன் விடையைச் சரிபார்க்கவும் நமக்குச் செவி வேண்டும்.

இன்னும் நுட்பமான மறுப்பு ஒன்று உண்டு. “பாடலின் சுருதியையே மென்பொருளால் ஏற்றி இறக்கி, என்னிடமுள்ள ‘சி’ கருவிக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறேன், அப்போது ஒன்றே போதாதா?” வீட்டில் பயில்வதற்கு இது நல்ல வழியே. வேகம் பிசகிய பழைய இசைத்தட்டுப் பதிவுகள் சில நேரங்களில் இரு கட்டைகளுக்கு நடுவே நிற்கும். அவற்றோடு வாசிக்க இதைத் தவிர வேறு வழியே இல்லை. ஆனால் எத்தனை அரைச்சுரம் மாற்றுவது என்று எவர் சொல்வார்? பாடலின் ஆதார சட்ஜத்தை முதலில் கண்டாக வேண்டும் அல்லவா! தப்பித்துவிட்டதாக நினைத்த வேலை மறுபடியும் வாசலில் வந்து நிற்கிறது. தவிரவும், எதிரே அமர்ந்து பாடும் ஒரு பெண்ணிடம் “என் கருவிக்காக உங்கள் குரலை இறக்கிக்கொள்ளுங்கள்” என்று கேட்க எந்த மென்பொருளும் உதவாது. துணைபோகிறவர்தாம் குரலுக்கு வளைய வேண்டும்.

சுரங்களை வளைத்து விடுபட்டவற்றையும் கொண்டுவரலாமே என்ற வாதமும் உண்டு. உண்மை. ஹோவர்ட் லெவி போன்ற அரிய கலைஞர்கள் ஒரே பத்துத் துளைக் கருவியில் பன்னிரு சுருதியிலும் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அது ஒரு வாழ்நாள் உழைப்பு. அதைச் சான்று காட்டி, நேற்றுக் கருவி வாங்கியவரிடம் “ஒன்றே போதும்” என்பது, நீந்தத் தொடங்குபவரிடம் கடலைக் காட்டுவதாகும். பொத்தானை அழுத்தினால் அரைச்சுரம் ஏறும் குரோமாட்டிக் கருவி வேறு வகை. லாரி ஆட்லரும் டூட்ஸ் தீல்மன்சும் ஆண்டது அதை. மாயாமாளவகௌளை போன்ற சுரக்கூட்டத்தில் அமைந்த பாடலுக்கு அதுவே தக்கது. ஏனெனில் சாதாரணப் பத்துத் துளைக் கருவி எதிலும் எந்தச் சுரத்தைச் சட்ஜமாக வைத்தாலும் அந்தக் கூட்டம் பிறக்காது. இந்த எல்லையையும் மாணவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையேல் அந்தத் தோல்வியையும் அவர் தம் கணக்கிலேயே எழுதிக்கொள்வார்.

மறுத்ததோடு நிற்பது முறையன்று. செய்யத்தக்கது என்ன?

முதலில் கருவியைக் கீழே வையுங்கள். பாடலைக் கேளுங்கள். பல்லவி முடிந்து பாடல் இளைப்பாறும் இடத்தில் அதை நிறுத்துங்கள். எந்தச் சுரத்தை முணுமுணுத்தால் மனம் “வந்து சேர்ந்தோம்” என்று அமைகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவே ஆதார சட்ஜம். சுருதிப்பெட்டியிலோ தம்புராச் செயலியிலோ கட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். சரியான சுருதி கிடைத்ததும் பாடல் முழுவதும் அதன்மேல் அமைதியாக நிற்கும்.

அடுத்து, அந்தச் சட்ஜத்தின்மேல் காந்தாரத்தைக் கேளுங்கள். பெரிய காந்தாரமா, சிறியதா? பெரியது என்றால் நிஷாதத்தையும் மத்திமத்தையும் பாருங்கள். நிஷாதம் பெரியது, மத்திமம் சுத்தம்: பாடலின் சுருதிக் கருவியையே எடுங்கள். நிஷாதம் சிறியது: ஐந்து அரைச்சுரம் மேலே உள்ள கருவி. மத்திமம் பிரதி, நிஷாதம் பெரியது: ஏழு அரைச்சுரம் மேலே உள்ளது. காந்தாரம் சிறியது என்றால் ரிஷபத்தையும் தைவதத்தையும் பாருங்கள். இரண்டும் பெரியவை: இரண்டு அரைச்சுரம் கீழே உள்ள கருவி. ரிஷபம் பெரியது, தைவதம் சிறியது: மூன்று அரைச்சுரம் மேலே உள்ளது. இரண்டும் சிறியவை: நான்கு அரைச்சுரம் கீழே உள்ளது. ஐந்து கட்டைக்கு மேலே நாம் காட்டிய ஆறு விடைகளும் இந்தக் கணக்கில் வந்தவையே. சரிபார்த்துக்கொள்ளலாம். பாடலின் நடுவே சட்ஜம் மாறினால் கருவியும் மாறும். மேடைக் கலைஞர்கள் இரண்டு கருவிகளைக் கையில் வைத்திருப்பது அதற்காகவே.

ஐந்து சுரப் பாடல்களில் இன்னும் தாராளம் உண்டு. மோகனத்தில் மத்திமமும் நிஷாதமும் இல்லை. ஆதலால் ஒரு கட்டை மோகனத்தைச் ‘சி’, ‘எஃப்’, ‘ஜி’ ஆகிய மூன்று கருவிகளிலும் வாசிக்கலாம். ‘ஜி’ தாழ்ந்து கனத்து ஒலிக்கும், ‘எஃப்’ உச்சத்தில் கீச்சிடும். எது பாடலின் குரலுக்கு அருகில் நிற்கிறதோ அதைத் தேர்க. அங்கே கணக்கு முடிந்து இரசனை தொடங்குகிறது.

“அப்படியானால் பன்னிரண்டையும் வாங்கச் சொல்கிறீர்களா?” என்று கேட்கலாம். இல்லை. பன்னிரண்டைப் பெட்டியோடு விற்பவரும் ஒன்றே போதும் என்பவரும் ஒரே பிழையை இரு முனைகளில் செய்கிறார்கள். இருவருமே உங்கள் பாடல் எது என்று கேட்கவில்லை. உங்களுக்கு விருப்பமான பத்துப் பாடல்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேற்சொன்னபடி கருவியைக் கண்டுபிடியுங்கள். எவை மீண்டும் மீண்டும் வருகின்றனவோ அவற்றை மட்டும் வாங்குங்கள். ஒரு கருவி ஆறு சுருதிகளுக்கு, ஆறு வெவ்வேறு பண்களில், பயன்படும் என்பதை அறிந்தவருக்கு மூன்று நான்கு கருவிகள் நெடுந்தொலைவு வரும்.

எண்தாளை முற்றாக எரிக்கவும் நாம் சொல்லவில்லை. துளைகளைப் பழகும் வரை அது இருக்கட்டும். ஆனால் அது மூச்சுக்கு மட்டுமே வேலை கொடுக்கிறது. பாடலின் வீடு எது என்று தேடும் உழைப்பை மாணவரிடமிருந்து பறித்துவிடுகிறது. சுருதியைத் தேடிக் கண்டவர் மறுநாள் முன்பின் கேளாத ஒரு பாடலுக்கும் துணைபோக முடியும். தாளை மட்டும் அறிந்தவர் அடுத்த தாளுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கற்பிப்போர் இதை முதல் பாடமாக வைக்கட்டும். ஏற்கெனவே “எனக்கு வராது” என்று இழுப்பறையில் கருவியை வைத்துவிட்டவர்கள் அதை வெளியே எடுத்து, தூசு தட்டி, அதன் ஓரத்தில் பொறித்திருக்கும் எழுத்து எது என்று முதலில் பார்க்கட்டும். பிறகு, அன்று மோதிய பாடலின் சட்ஜத்தைத் தேடட்டும்.